ஓடைக்கு இந்தப் பக்கம் செம்மண், அந்தப் பக்கம் கரிசல்: ஒரே மழைதானே?

கழுகுமலை டீச்சர் (சனி, காலை 6.40)

எல்லோருக்கும் வணக்கம். கழுகுமலைக்கு மேற்கே ஒரு சின்ன கிராமத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நேற்று மண் பாடம். ஆளுக்கு ஒரு கை மண் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் பிள்ளை மட்டும் இரண்டு தேங்காய்ச் சிரட்டை நிறைய மண்ணோடு வந்தாள். ஒன்றில் செம்மண், ஒன்றில் கரிசல். இரண்டும் அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையின் இரண்டு பக்கமும் எடுத்தது.

"டீச்சர், ரெண்டு பக்கமும் ஒரே மழைதான பெய்யுது? ஒரே வெயில்தான அடிக்குது? அப்புறம் ஏன் இது செவப்பு, அது கறுப்பு?"

நான் படித்ததை வைத்து, கரிசல் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று சொன்னேன். "இங்க எரிமலை எங்க டீச்சர் இருக்கு?" என்று அடுத்த கேள்வி. பின் பெஞ்சுப் பையன் ஜன்னல் வழியாகக் கழுகுமலையைக் காட்டி, "அதுவா டீச்சர்?" என்றான். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தெரியாததைத் தெரிந்தது போல அந்தப் பிள்ளையிடம் சொல்ல மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

குரூப்தேர்வு குமரன் (சனி, காலை 7.15)

டீச்சர், நீங்கள் சொன்னது சரிதான். தக்காண லாவா, கரிசல் மண், பருத்தி: மூன்றும் ஒரே வரியில் வரும். தேர்வுக்கு நான் அப்படித்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

புனே தமிழன் (சனி, காலை 8.02)

தம்பி குமரா, அந்த வரி நான் இருக்கும் ஊருக்குப் பொருந்தும், டீச்சர் ஊருக்குப் பொருந்தாது. இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். லோணாவளா பக்கம் மலையேறினால் கண்ணால் பார்க்கலாம், மலை முழுக்கப் படிப்படியாக இருக்கும். ஒவ்வொரு படியும் ஒரு தடவை வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வழிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பசால்ட் பாறை. மேற்குத் தொடர்ச்சி மலையோரம் சில இடங்களில் அந்த அடுக்கு 2 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். அஜந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்டதும் இந்தப் பாறையில்தான். இது சிதைந்துதான் மகாராஷ்டிரத்துக் கரிசல் உண்டானது.

இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. ஆனால் தெற்கே வட கர்நாடகத்தோடு நின்றுவிடுகிறது. கோவில்பட்டிக்கு அந்தக் குழம்பு வந்ததே இல்லை. அந்தப் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி.

கல்லும்மண்ணும் (சனி, காலை 9.30)

அம்மா, வணக்கம். நாற்பது வருடம் கிணறும் ஆழ்துளையும் தோண்டிய இடங்களில் வெளியே வந்த கல்லைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதே என் வேலையாக இருந்தது. உங்கள் பக்கமும் நிறைய சுற்றியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கடைசியில் தட்டுப்படுவது நைஸ், சார்னோகைட் வகைக் கடும்பாறைதான். சார்னோகைட் என்ற பெயருக்கே நம் ஊர்த் தொடர்பு உண்டு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பல்லாவரம் பக்கத்துப் பாறை. அதைப் பார்த்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பாறைக்கு அவர் பெயரைச் சூட்டினார். இவை பூமியின் அடியாழத்தில் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்து உருமாறிய பாறைகள், வயது நூறு கோடி ஆண்டுக் கணக்கில் வரும். மேலே மூடியிருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை தேய்ந்து போனதால்தான் இன்று நம் காலடியில் தெரிகின்றன.

அந்தப் பாறைத் துண்டு ஒன்றை உடைத்துப் பாருங்கள். கண்ணாடி போல மின்னுவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பட்டையாக இருப்பது ஃபெல்ஸ்பார். கறுப்புப் புள்ளிகள் இரும்பு கலந்த கனிமங்கள். இந்த மூன்றும் மழைக்கு வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும்.

மழைநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு விழுவதால் மிக லேசான அமிலமாக இருக்கும். மண்ணுக்குள் வேர்களும் புழுக்களும் மூச்சுவிடுவதால் அங்கே அமிலம் இன்னும் கூடும். அந்த நீர் ஃபெல்ஸ்பாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக மாற்றுகிறது. அதிலிருந்த சோடியம், பொட்டாசியம், கால்சியம் கரைந்து நீரோடு போகின்றன. கறுப்புக் கனிமத்தில் இருந்த இரும்பு துருப்பிடிக்கிறது, ஆணி துருப்பிடிப்பது போலத்தான். குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாமல் மணலாக நிற்கிறது. ஆக ஒரு பாறை களியாகவும் துருவாகவும் மணலாகவும் பிரிந்துவிட்டது. இதைத்தான் வேதியியல் சிதைவு என்கிறோம்.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். மழை ஒன்றுதான். பெய்த பிறகு அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்பதுதான் வேறு. மேட்டு நிலத்தில் தண்ணீர் இறங்கி ஓடிவிடும், போகும்போது கரைந்ததை எல்லாம் கழுவிக்கொண்டு போகும். கரையாத இரும்புத் துரு தங்கி மண்ணைச் சிவப்பாக்கும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், பிறகு வெயிலில் ஆவியாகும். கரைந்து வந்த கால்சியமும் மெக்னீசியமும் சிலிக்காவும் போக வழியில்லாமல் அங்கேயே தங்கி, வேறொரு வகைக் களிமண்ணை உண்டாக்கும். மான்ட்மோரில்லோனைட் என்று அதற்குப் பெயர். அதுதான் கரிசலின் உயிர்.

வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் சொச்சம் மழையும் மீதி நாளெல்லாம் வெயிலும் உள்ள உங்கள் பக்கம் இது நடக்க ஏற்ற இடம். மழை அதிகம் கொட்டும் மலைச்சரிவில் கரிசல் உண்டாகாது, எல்லாம் கழுவிப் போய்விடும்.

ஒரு உதவி செய்யுங்கள். அந்த ஓடைக்குப் போய், எந்தக் கரை மேடு, எந்தக் கரை பள்ளம் என்று பார்த்துச் சொல்லுங்கள். பார்க்காமல் நான் அடித்துச் சொல்லக்கூடாது.

குரூப்தேர்வு குமரன் (சனி, காலை 9.55)

ஐயா, அப்படியென்றால் நான் மனப்பாடம் செய்தது தவறா?

கல்லும்மண்ணும் (சனி, காலை 10.10)

தவறில்லை தம்பி, பாதி. இந்தியாவின் கரிசலில் பெரும்பகுதி பசால்ட் பாறையிலிருந்து வந்ததுதான். ஆனால் தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம், கோயம்புத்தூர்க் கரிசலுக்கு அடியில் பசால்ட் கிடையாது. தாய்ப்பாறை மட்டும் மண்ணைத் தீர்மானிப்பதில்லை. மழை எவ்வளவு, நிலம் எப்படிச் சரிந்திருக்கிறது, மேலே என்ன முளைக்கிறது, எவ்வளவு காலம் கிடந்தது, எல்லாம் சேர்ந்துதான். தேர்வில் வரும் ஒரு வரி விடைக்காக இதை மறந்துவிடாதீர்கள்.

மாடித்தோட்டம் மீனா (சனி, காலை 11.20)

எனக்கு ஒரு சந்தேகம். கரிசல் கறுப்பாக இருப்பது மட்கு நிறைய இருப்பதால்தானே? நான் சென்னையில் தொட்டிகளுக்கு மண் கலக்கும்போது கறுப்பாக இருந்தால் சத்து என்றுதான் வாங்குகிறேன்.

எட்டயபுரம் சம்சாரி (சனி, மதியம் 1.05)

தங்கச்சி, அது அப்படி இல்லை. நாங்கள் மூன்று தலைமுறையாக மானாவாரிக் கரிசலில் வெள்ளாமை செய்கிறவர்கள். கரிசலில் மட்கு அதிகம் இருந்திருந்தால் கோடையில் கீதாரிகளை, அதாவது ஆடு மேய்ப்பவர்களைக் கூப்பிட்டு, எருவுக்காகப் புஞ்சையில் ஆட்டுக்கிடை போட வேண்டிய அவசியமே வந்திருக்காது. கிடை போட்ட புஞ்சைக்கும் போடாத புஞ்சைக்கும் விளைச்சலில் உள்ள வித்தியாசம் வரப்பில் நின்று பார்த்தாலே தெரியும்.

கரிசலின் பலம் வேறு. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புரட்டாசி ஐப்பசியில் நனைந்தால், மழை நின்ற பிறகும் பனியிலேயே பருத்தியும் கொத்தமல்லியும் தேறி வந்துவிடும். செம்மண்ணில் பத்து நாள் மழை தள்ளிப்போனால் பயிர் வாடும்.

அப்புறம் வெடிப்பு. சித்திரை வைகாசியில் கை முழுசாக உள்ளே போகும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே கிடக்கும் உலர்ந்த மண் அந்த வெடிப்புக்குள் விழும். மழை பெய்தால் வெடிப்பு மூடி, கீழ் மண் உப்பி மேலே வரும். தானே புரட்டிக்கொள்ளும் மண். வீடு கட்டுகிறவர்களுக்குத்தான் இது கஷ்டம். கரிசலில் அஸ்திவார வாணம் ஆழமாகத் தோண்டாமல் கட்டிய சுவர் விரிசல் விடாமல் நின்று நான் பார்த்ததில்லை.

பெரியவர் கிணற்றைப் பற்றிச் சொன்னார். எங்கள் புஞ்சைக் கிணறு தோண்டியபோது ஓர் ஆளுக்கு மேல் கரிசல், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான், அப்புறம் சரளை, அப்புறம்தான் பாறை. சுக்கான் எதனால் வருகிறது ஐயா?

கல்லும்மண்ணும் (சனி, மதியம் 2.40)

மட்கு விஷயத்தில் சம்சாரி சொன்னதே சரி. நம் கரிசலில் கரிமச் சத்து பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழேதான். ஆனால் அந்தக் கொஞ்சமும் மிக நுண்ணிய களித் துகள்களோடு இறுக ஒட்டிக்கொண்டு முழு மண்ணையும் கறுப்பாகக் காட்டுகிறது.

சுக்கான் வேறொன்றுமில்லை, சுண்ணாம்பு. கரைந்து வந்த கால்சியம், தண்ணீர் ஆவியானதும் அந்த ஆழத்திலேயே கட்டியாகத் தங்கிவிட்டது. எங்காவது சுக்கான் கண்டால், அந்த இடத்தில் தண்ணீர் மண்ணைக் கடந்து போகாமல் நின்று உலர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது ஒரு கடிதம் மாதிரி. எத்தனையோ கிணற்றடியில் அதை வாசித்திருக்கிறேன்.

உப்புவது ஏன் என்றால், களிமண் துகள் எல்லாம் தாள் தாளாக அடுக்கியவை. செம்மண்ணில் பெரும்பாலும் இருக்கும் கயோலினைட்டில் தாள்கள் இறுக ஒட்டியிருக்கும், நடுவில் தண்ணீர் நுழையாது. கரிசல் களியில் தாள்கள் தளர்வாக இருக்கும். மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் எப்படி உப்பிப் போகிறது? அதேதான். பிள்ளைகளுக்கு அந்த நோட்டையே காட்டலாம்.

கழுகுமலை டீச்சர் (சனி, மாலை 6.50)

ஐயா, போய்ப் பார்த்துவிட்டேன்! அந்தப் பிள்ளையும் அவள் தாத்தாவும் கூட வந்தார்கள். செம்மண் பக்கம் கரையிலிருந்து உடனே மேடு ஏறுகிறது. அரை பர்லாங்கு போனால் பாறையே வெளியே தலைகாட்டுகிறது. கரிசல் பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் சமதளம், கிழக்கே சரிந்துகொண்டே போகிறது. ஓடை மேட்டின் அடிவாரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. மேட்டுப் பக்கக் கிணற்றில் ஒன்றரை அடிக்குக் கீழே சரளை வந்துவிட்டதாம், சுக்கானே இல்லையாம். தாத்தா சொன்னார்.

ஒன்று புரியவில்லை. பாறையை மழை கரைக்கிறது சரி. மழை பெய்யாத மாதங்களில் வெறும் வெயிலில் கிடக்கும் பாறை எப்படி உடைகிறது? அந்த மேட்டில் பாறை வெங்காயச் சருகு மாதிரி உரிந்து கிடக்கிறது.

வாத்தியார் மகன் (சனி, இரவு 8.15)

அக்கா, அதைப் பாறை உரிதல் என்பார்கள். ஆழத்தில் அழுத்தத்தில் கிடந்த பாறை, மேலேயுள்ள சுமை நீங்கியதும் கொஞ்சம் விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கிறது. பகல் சூடு, இரவுக் குளிர், திடீர் மழை எல்லாம் அந்தப் பிளவைப் பெரிதாக்கும். எங்கள் தாத்தா கல்லுடைக்கிற தொழில் பார்த்தவர். பாறை மேல் விறகை அடுக்கி நெருப்பு மூட்டுவார்களாம், சூடு ஏற ஏறப் பலகை மாதிரி கல் பெயர்ந்து வருமாம். வெயில் மெதுவாகச் செய்வதை அவர்கள் ஒரே நாளில் செய்தார்கள்.

உயிர்களும் உடைக்கும். கோபுர இடுக்கில் முளைத்த அரசங்கன்று கல்லையே நகர்த்திவிடும். பாறை மேல் சாம்பல் நிறத்தில் படை மாதிரி இருக்கிறதே, அது லைக்கன், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர். அதுவும் அமிலம் சுரந்து கல்லை அரிக்கும். நம் குழம்பில் போடும் கல்பாசியும் லைக்கன் இனம்தான், பிள்ளைகளிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

ஏரல் வாழைக்காரன் (சனி, இரவு 9.40)

நூறு கோடி ஆண்டு, ஆயிரம் ஆண்டு என்கிறீர்கள். எங்களுக்கு ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியெல்லாம் அடித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலிலேயே மக்கள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் வாழைத்தோட்டத்தில் ஒரு பக்கம் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது, மறுபக்கம் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொண்டு வந்து போட்டுவிட்டது. இதுவும் பாறைச் சிதைவில் சேருமா? பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

வாத்தியார் மகன் (சனி, இரவு 10.05)

அண்ணாச்சி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சொன்னது அரிப்பும் படிவும். சிதைவு என்றால் பாறை இருந்த இடத்திலேயே உடைவது, மாறுவது. அரிப்பு என்றால் உடைந்ததைத் தண்ணீரோ காற்றோ எடுத்துக்கொண்டு போவது. வேகம் குறைந்த இடத்தில் போட்டுவிட்டால் படிவு. நான் வகுப்பில் சொல்வது இதுதான்: உரலில் இடிக்கிறோமே, அது சிதைவு. முறத்தில் புடைக்கும்போது உமி பறக்கிறதே, அது அரிப்பு. பறந்த உமி திண்ணை மூலையில் போய்ச் சேர்ந்தால் படிவு. இந்த மூன்றையும் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள்.

கல்லும்மண்ணும் (ஞாயிறு, காலை 6.20)

ஏரல் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஓர் அங்குல மேல்மண் உண்டாக 500 முதல் 1000 ஆண்டு ஆகும் என்று பொதுவாகக் கணக்கு சொல்வார்கள், பாறைக்கும் மழைக்கும் தக்கபடி மாறும்.

டீச்சர், உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. கழுகுமலை வெட்டுவான் கோவில். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தது. 1200 ஆண்டு வெயிலும் மழையும் பட்டும், அந்தச் சிற்பங்களின் முகத்தில் புன்னகை இன்னும் தெரிகிறது. திறந்த பாறை அவ்வளவு மெதுவாகத்தான் தேயும், மழை பட்டவுடன் வழிந்து காய்ந்துவிடுவதால். அதே பாறை ஈர மண்ணுக்கு அடியில் புதைந்து கிடந்தால் இன்னும் வேகமாக மக்கும். மண்ணே மண்ணை வளர்க்கும் என்று சொல்லலாம். ஏரல் தோட்டத்தில் போனது வெள்ளம் கொண்டு வந்த வண்டல்தான், அதுவும் பல நூறு வெள்ளத்தில் சேர்ந்தது. அது ஒரே வெள்ளத்தில் போனதுதான் வேதனை.

தேரிக்காட்டான் (ஞாயிறு, காலை 8.30)

சிவப்பு மண் என்றால் எங்கள் சாத்தான்குளம் பக்கம் வந்து பாருங்கள். குதிரைமொழித் தேரியில் மத்தியான வெயிலில் நின்றால் தரை நெருப்பாக எரிவது போல இருக்கும். ஆனால் இது டீச்சர் ஊர்ச் செம்மண் மாதிரி இருந்த இடத்தில் பாறை மக்கி வந்ததல்ல. காற்று கொண்டு வந்து குவித்த மணல் மேடு. குவிந்த பிறகு, மணலோடு கலந்திருந்த இரும்புக் கனிமங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டு மக்கி, ஒவ்வொரு மணல் மணியின் மேலும் துருப் பூச்சு பூசிவிட்டது. ஒரு மணியை நசுக்கினால் உள்ளே வெறும் குவார்ட்ஸ்.

எவ்வளவு பழசு என்று கேட்டால், இந்தத் தேரிகளில் சாயர்புரம் முதலான இடங்களில் சின்னச் சின்னக் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஜாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1956இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். இரும்பே அறியாத மனிதர்கள் இந்தச் சிவப்பு மேட்டில் உட்கார்ந்து வேட்டைக்குக் கல் சீவியிருக்கிறார்கள்.

ஆனி ஆடிக் காற்றில் இன்னமும் மணல் நகரும். பனையும் உடைமரமும் கொல்லாமரமும்தான் (முந்திரி) பிடித்து நிறுத்துகின்றன. டீச்சர், ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தேரி மணலில் இழுத்துப் பாருங்கள், மீசை மாதிரி கறுப்புத் துகள் ஒட்டிக்கொள்ளும். பையை வெளியே திருப்பினால் எல்லாம் உதிர்ந்துவிடும். வேண்டுமானால் ஒரு பை மணல் அனுப்புகிறேன்.

சுன்னாகம் தோட்டக்காரன் (ஞாயிறு, காலை 10.45)

வணக்கம் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். செம்மண் என்றவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கமும் நல்ல சிவப்பு மண்தான். புகையிலை, வெங்காயம், வாழை எல்லாம் அதில்தான் செய்கிறோம். ஆனால் மண்ணுக்குக் கீழே உங்கள் கருங்கல் இல்லை, முழுக்கச் சுண்ணாம்புக் கல். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் படிந்தது. காங்கேசன்துறையில் சீமெந்துக்காக அதைத்தான் வெட்டினார்கள். ஆக, சிவப்பைப் பார்த்துக் கீழே இருக்கிற பாறையைச் சொல்ல ஏலாது.

சுண்ணாம்புக் கல்லை மழைநீர் முழுதாகவே கரைக்கும். அதனால் எங்கள் நிலத்துக்குக் கீழே வெடிப்பும் குகையும் நிறைய. மழைத் தண்ணீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்கிவிடும். குடாநாட்டில் பேருக்கு வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். நிலாவரைக் கிணறு இப்படிக் கரைந்து இடிந்து உண்டானதுதான். மேல் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறி வருவதும் இதனால்தான். எங்கள் பிள்ளைகளுக்கு மண் பாடம் என்றால் கிணற்றடியில் தொடங்க வேண்டும். தோட்டத்தில் போடுகிற உரமும் அதே வெடிப்பு வழியாகக் குடிதண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது, இது எங்களுக்குப் பெரிய கவலை.

கல்லும்மண்ணும் (ஞாயிறு, காலை 11.30)

யாழ்ப்பாணத்து ஐயா சொன்னது மிக முக்கியமான திருத்தம். நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. இதே சிவப்பைக் கேரளத்து அங்காடிப்புரத்தில் பார்த்துத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புக்கானன் 1807இல் வெளியிட்ட தன் பயண நூலில் லேட்டரைட் என்று பெயர் கொடுத்தார். தோண்டும்போது கத்தியால் வெட்டலாம், காற்றுப் பட்டதும் இறுகிவிடும். லத்தீனில் செங்கல் என்று பொருள். நம் செம்புறாங்கல்தான் அது. அங்கே மழை மிக அதிகம், சிலிக்காகூடக் கழுவிப் போய்விடுகிறது, இரும்பும் அலுமினியமும்தான் மிச்சம். உங்கள் ஊர்ச் செம்மண்ணை இன்னும் பல மடங்கு கழுவினால் அப்படி ஆகும்.

வாத்தியார் மகன் (ஞாயிறு, மாலை 4.10)

அக்கா, நாளைக்கு வகுப்பில் செய்ய நான் செய்து பார்த்தவற்றை எழுதுகிறேன். செலவே இல்லை.

மூடியுள்ள இரண்டு கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு செம்மண், கால் பங்கு கரிசல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் கீழே இறங்கிவிடும். வண்டல் இறங்கச் சில மணி நேரம் ஆகும். களி மறுநாள்வரைகூட மிதக்கும். கரிசல் பாட்டிலில் கலங்கல் எளிதில் தெளியாது. பாட்டிமார்கள் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டை உரசுவார்கள் இல்லையா, கிடைத்தால் அதையும் செய்து காட்டுங்கள். களித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து இறங்கும்.

இன்னொன்று: இரண்டு மண்ணையும் பிசைந்து ஒரே அளவு தீப்பெட்டித் தட்டில் அழுத்தி வெயிலில் வையுங்கள். கரிசல் சுருங்கித் தட்டின் ஓரத்தை விட்டு விலகும், வெடிக்கும். சுக்கான் கட்டி கிடைத்தால் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைக்கும். செங்கல் சூளைப் பக்கம் மஞ்சள் மண் கிடைத்தால் ஒரு உருண்டையை அடுப்பில் சுட்டுப் பாருங்கள், சிவந்துவிடும். மஞ்சளும் இரும்புதான், தண்ணீர் சேர்ந்த இரும்பு. சூட்டில் தண்ணீர் போனதும் செங்காவி.

கழுகுமலை டீச்சர் (செவ்வாய், இரவு 7.30)

நேற்றும் இன்றும் செய்தோம். எழுத நேரம் கிடைக்கவில்லை, மன்னியுங்கள்.

எலுமிச்சைச் சாறு விட்டதும் சுக்கான் பொடி நுரைத்தபோது வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. தீப்பெட்டித் தட்டில் கரிசல் இன்று மத்தியானம் நான்கு துண்டாக வெடித்திருந்தது. செம்மண் தட்டில் மயிரிழை அளவு கீறல்தான். கரிசல் பாட்டில் நேற்றிலிருந்து இன்னும் கலங்கலாகவே இருக்கிறது, செம்மண் பாட்டில் காலையிலேயே தெளிந்துவிட்டது. எரிமலை பற்றி நான் சொன்னது நம் ஊருக்குப் பொருந்தாது என்று பிள்ளைகளிடமே சொன்னேன். பின் பெஞ்சுப் பையனுக்குக் கழுகுமலை எரிமலை இல்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்.

கரும்பலகையில் மேடு, ஓடை, பள்ளம் மூன்றையும் வரைந்து, மழைத்துளி மேட்டில் விழுந்து எங்கே போகிறது என்று கேட்டேன். சிரட்டை கொண்டு வந்த பிள்ளை எழுந்து வந்து விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். பிறகு சுக்கான் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ எங்க பக்கத்து மண்ணுல இருந்த சத்துதான் கரைஞ்சு அவங்க பக்கம் போயிருக்கா டீச்சர்? இனிமே திரும்பி வராதா?"

அவள் வீடு செம்மண் பக்கம். இதற்கு என்ன சொல்வது?

கல்லும்மண்ணும் (செவ்வாய், இரவு 8.20)

அம்மா, அந்தப் பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவள் கேட்டது சரி. எல்லாமே மேட்டிலிருந்து போனதல்ல, பள்ளத்துப் பாறையும் அங்கேயே மக்கியிருக்கிறது. ஆனால் சுக்கானில் இருக்கும் கால்சியத்தில் ஒரு பங்கு அவள் வீட்டுப் பக்கத்துப் பாறையிலிருந்து கரைந்து வந்ததாகவே இருக்கும். தண்ணீர் தானாக மேலே ஏறாது, ஆகவே அது தானாகத் திரும்பி வராது.

எட்டயபுரம் சம்சாரி (செவ்வாய், இரவு 8.45)

தானாக வராது. நாங்கள் கொண்டு வருவோம். டீச்சர், சித்திரையில் கண்மாய் வற்றியதும் அடியில் கறுப்பாகப் படிந்திருக்கும் கரம்பையை வெட்டி வண்டி வண்டியாக மேட்டுச் செம்மண் புஞ்சைக்கு அடிப்பார்கள். ஒரு தடவை அடித்தால் நாலைந்து வருடத்துக்கு நிலம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூட வந்தாரே அவள் தாத்தா, அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கழுகுமலை டீச்சர் (புதன், காலை 7.05)

கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவர் இளவட்டமாக இருந்தபோது ஒரே கோடையில் அறுபது வண்டி கரம்பை அடித்தாராம். எந்தப் புஞ்சை என்றும் காட்டினாராம். இன்று மூன்றாவதாக ஒரு சிரட்டையில் அந்தப் புஞ்சை மண்ணைக் கொண்டு வந்திருக்கிறாள். சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, இரண்டும் கலந்த ஒரு நிறம். பாட்டிலில் போட்டுக் குலுக்கி, மற்ற இரண்டுக்கும் நடுவில் ஜன்னலோரம் வைத்திருக்கிறோம்.